பெருநாள் தட்டும் அன்றாடக் கிண்ணமும்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில், பினாங்கில் குடியிருக்கும் எங்கள் சாச்சி ஊருக்கு வந்திருந்தார்கள். நெடுநாளைக்குப் பின் வருகின்றவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? தென்னஞ்சர்க்கரைக் கட்டிகள், ஈரத்துணியில் சுற்றிய ரம்பை இலைகள், இறுக மூடிய தகர டப்பா ஒன்று எனப் பெட்டி நிறையக் கொண்டு வந்தார்கள். பெருநாள் விடியலில் அடுப்படியையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

ஆண்கள் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, விரிப்பின் நடுவே இருந்த தட்டில் எங்கள் வீட்டு வட்டலப்பத்துக்கும் தொதலுக்கும் பக்கத்தில் மூன்று புதிய இனிப்புகள் இருந்தன. பச்சையும் வெள்ளையுமாய் இரண்டடுக்காக உறைந்த வில்லைகள். தேங்காய்த் துருவலில் புரட்டிய பச்சை உருண்டைகள். சிறு காகிதக் கிண்ணங்களில் பொன்னிறமாய் மொறுமொறுத்த ஒரு பலகாரம்.

நன்னி அந்தப் பச்சை வில்லையைக் கையில் எடுத்தார்கள், வாயில் வைக்கவில்லை. "இது என்னம்மா இவ்வளவு பச்சை? சாயம் போட்டாயா? எதைப் போட்டு உறைய வைத்தாய்? நமக்கு ஆகுமா?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். "சாயம் இல்லை மாமி, ரம்பை இலைச் சாறுதான். உறைய வைத்தது நம்முடைய கடற்பாசி. மேலே வெள்ளையாய் இருப்பது தேங்காய்ப்பால்" என்று சாச்சி பொறுமையாக விடை சொன்ன பிறகே, பிஸ்மில்லாஹ் கூறி உண்டார்கள், உண்டபின் இன்னொன்றும் கேட்டு வாங்கினார்கள்.

இதற்கிடையில் என் ஏழு வயது மகன் அத்தனையையும் விலக்கிவிட்டு, "எனக்கு என் பெட்டி வேண்டும்" என்று அடம்பிடித்தான். நன்னி தாமே எழுந்து போய், கடையில் வாங்கிய சாக்லேட் உருண்டைப் பெட்டியைக் கொண்டுவந்து, கிண்ணம் நிறையக் கொட்டிப் பாலும் ஊற்றிக் கொடுத்தார்கள். சாச்சி அந்தப் பெட்டியைத் திருப்பிப் பின்புறத்தைப் படித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "இதில் பாதி இனிப்புள்ள கார்ன் ஃப்ளேக்ஸைக்கூட அங்கே நாங்கள் பெருநாள் பலகாரத்தில்தான் போடுவோம். இங்கே இவனுக்குத் தினமும் பெருநாளா?" என்று கேட்டார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என் உள்ளத்தில் தங்கிவிட்டது. ஆண்டுக்கொருமுறை தட்டில் வைக்கும் வில்லையைப் பற்றி எங்கள் வீடு நான்கு கேள்விகள் கேட்டது. இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் என் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும் பெட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையே!

புதிய உணவைக் கண்டால்

புதிய உணவைக் கண்டதும் முகம் சுளிப்பவர்களும் உண்டு. புதிது என்பதற்காகவே பாய்ந்து வாங்குபவர்களும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட அழகிய பண்பு ஒன்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் காண்கிறோம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒருமுறை சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. அது இன்னதென்று அறிந்ததும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) வினவ, விலக்கப்பட்டதன்று, தம் ஊரில் இல்லாததால் தமக்கு ஒவ்வவில்லை என்று விளக்கினார்கள். காலித் (ரலி) அதை எடுத்து உண்டார்கள்; நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற செய்தி இது.

இதில் நம் அடுப்படிக்கு மூன்று படிப்பினைகள் உள்ளன. முதலில், தட்டில் இருப்பது இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும். அடுத்து, பழக்கமில்லாதது வேறு, ஆகாதது வேறு என்று பிரித்தறிய வேண்டும். மூன்றாவதாக, நமக்குப் பிடிக்காததைப் பிறர் மகிழ்ந்து உண்டால் குறை கூறாதிருக்க வேண்டும். அந்தப் பெருநாளில் எங்கள் நன்னி வில்லையிடம் காட்டிய எச்சரிக்கை முறையானது. பெட்டியிடம் நாங்கள் அனைவரும் காட்டிய அசட்டையே பிழையானது.

கடல் கடந்து வந்த இனிப்புகள்

நம் முன்னோர் புதிய உணவுக்கு அஞ்சியவர்கள் அல்லர். பாய்மரக் கப்பல்களில் பினாங்கு, மலாக்கா, அச்சே, சிங்கப்பூர் என்று வணிகம் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். பினாங்கில் 1801ஆம் ஆண்டு தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலும் அந்த உறவுக்கு இன்றும் சான்றாக நிற்கின்றன. சரக்கு ஏறி இறங்கிய கப்பல்களில் சுவையும் ஏறி இறங்கியது.

கீழக்கரையின் புகழ்பெற்ற தொதலை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் பெரிய சட்டியில் இட்டு, கை ஓயாமல் பல மணி நேரம் கிண்டி, எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் சுருளும்போது இறக்குவார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே பண்டத்தின் பெயர் டோடோல். அங்கும் பெருநாள் நெருங்கும்போது ஊர்கூடிப் பெரிய சட்டியில் கிண்டுவார்கள். இலங்கையிலும் அது தொதல்தான்.

வட்டலப்பத்தின் கதையும் அத்தகையதே. டச்சுக்காரர் ஆட்சியில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மலாய் மக்களோடு அது வந்தது என்பர். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் அவிக்கும் ஸ்ரீகாயா என்ற மலாய் இனிப்பு, இலங்கையில் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் சாதிக்காயும் பெற்று முஸ்லிம் இல்லங்களின் பெருநாள் அடையாளமாயிற்று.

கொடுத்ததும் உண்டு. நம் இடியப்பம் மலாய் மண்ணில் ‘புட்டு மாயம்’ என்ற பெயரில் தேங்காய்த் துருவலும் பனஞ்சர்க்கரையும் தூவிய இனிப்பாகிவிட்டது. நம் புட்டு அங்கே நடுவில் தென்னஞ்சர்க்கரை வைத்த ‘புட்டு பிரிங்’ ஆயிற்று. ஆப்பம் ‘அப்பம்’ ஆயிற்று. சாச்சி செய்த தேங்காய்ப்பூ உருண்டையை அங்கே ‘ஓண்டே ஓண்டே’ என்பார்கள். பசையரிசி மாவுக்குள் சர்க்கரைக் கட்டியை ஒளித்துவைத்து வேகவிடுவதால், கடித்தவுடன் பாகு வாயில் பீறிடும். நம் கொழுக்கட்டைக்கு அது உடன்பிறந்ததுபோல் இருக்கும். அரிசி மாவைப் பச்சை நூலாகப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் தென்னஞ்சர்க்கரைப் பாகும் சீவிய பனிக்கட்டியும் சேர்த்துத் தரும் செண்டோல் மலேசிய வீதிகளின் செல்லப்பிள்ளை. அதை விற்கும் கைகளில் தமிழ் முஸ்லிம் கைகள் ஏராளம். அவர்களை அந்நாட்டார் ‘மாமாக்’ என்று அழைப்பதே ‘மாமா’ என்ற நம் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

நோன்பு திறக்கும் வேளையில் நாம் குளிரக்குளிர உண்ணும் கடற்பாசிக்கும் நெடிய பயணம் உண்டு. அகார் அகார் என்ற பெயர் மலாய் மொழியுடையது. 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய விடுதிக்காரர் ஒருவர் குளிர்காலத்தில் வெளியே எறிந்த பாசிக்கூழ், இரவில் உறைந்தும் பகலில் காய்ந்தும் சருகாயிற்று என்றும், அதைக் கொதிநீரில் கரைத்தபோது மீண்டும் உறைந்தது என்றும் அந்நாட்டில் ஒரு மரபுக்கதை வழங்குகிறது. அதே அகாருக்குரிய பாசியை மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் மாவட்டத்து மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி எடுத்து வருகிறார்கள்.

இவை அனைத்திலும் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். புதிய இனிப்பு வந்தபோது நம் பாட்டிமார் அதைத் தம் கையால் செய்து பார்த்தார்கள். ஆகாததை நீக்கினார்கள், தம் மண்ணின் கருப்பட்டியைச் சேர்த்தார்கள். அதன்பின் அதற்கென ஓரிடம் ஒதுக்கினார்கள். அந்த இடம் பெருநாள், திருமணம், நோன்பு திறப்பு, விருந்து. பல மணி நேரம் கிண்ட வேண்டிய தொதலை நாள்தோறும் யாரால் உண்ண முடியும்? உழைப்பே அதற்கு வேலியாக நின்றது.

செதில் வந்த வழி

இப்போது அந்தப் பெட்டியின் கதைக்கு வருவோம். அது பிறந்தது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் என்னும் ஊரில், நோயாளிகள் தங்கியிருந்த ஓர் ஆரோக்கிய நிலையத்தில். அதன் மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக்கும் அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக்கும், எளிதில் செரிக்கும் உணவைத் தேடினார்கள். 1894இல், வேகவைத்து ஆறிப்போன கோதுமையை உருளைகளுக்கிடையே நசுக்கியபோது அது செதில் செதிலாக வந்தது. பிறகு மக்காச்சோளத்திலும் அவ்வாறே செய்தார்கள். 1906இல் தம்பி தனியே நிறுவனம் தொடங்கினார். செதிலில் சர்க்கரை சேர்ப்பதைத் தமையனார் விரும்பவில்லை. தம்பியோ விற்பனைக்கு அது வேண்டும் என்று கருதினார். தம்பியின் எண்ணமே வென்றது. 1952இல் அந்நிறுவனம் சர்க்கரைப் பூச்சிட்ட செதிலை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ‘சர்க்கரை’ என்ற சொல்லைப் பெயரிலேயே பெருமையோடு சேர்த்திருந்தது. காலம் மாறியதும் பெயரிலிருந்த சர்க்கரை மறைந்தது. பெட்டிக்குள் இருந்தது மறையவில்லை.

ஐரோப்பாவில் மியூஸ்லிக்கு நேர்ந்ததும் இதுதான். 1900ஆம் ஆண்டளவில் சூரிச் நகர மருத்துவர் பிர்ச்சர் பென்னர் தம் நோயாளிகளுக்குக் கொடுத்த கிண்ணத்தில் பெரும்பகுதி துருவிய ஆப்பிள். ஊறவைத்த ஓட்ஸ் ஓரிரு கரண்டியே. இன்று அதே பெயரில் கிடைக்கும் பலவற்றில் தானியமும் இனிப்பும் மிகுந்து, பழம் உலர்ந்த துணுக்காகச் சுருங்கிவிட்டது. மருந்தாகத் தொடங்கியது மிட்டாயாக முடிந்தது.

1994இல் கெல்லாக் நிறுவனம் இந்தியாவுக்கு வந்தபோது நடந்தது சுவையானது. நம் வீடுகளில் காலையில் பால் என்றால் காய்ச்சிய சூடான பால்தான். குளிர்ந்த பாலுக்கென்று செய்த செதில் சூடான பாலில் விழுந்ததும் கூழாகிவிட்டது. தொடக்கத்தில் விற்பனை மந்தமாயிற்று. பின்னர் இந்திய நாவுக்கேற்பப் பல சுவைகள் வந்தன. குழந்தைகளுக்கென்று சாக்லேட் பூசியவையும் வந்தன. நகரங்களில் பெற்றோர் இருவரும் பணிக்குப் போகும் வீடுகள் பெருகப் பெருக, பெட்டி அடுப்படியில் நிலைத்த இடம் பெற்றது.

மலாய்ப் பெண்களோ அதே செதிலுக்கு வேறோர் இடம் கொடுத்தார்கள். வெண்ணெயும் தேனும் உருக்கி, செதிலைப் புரட்டி, காகிதக் கிண்ணங்களில் இட்டுச் சுட்டெடுத்து, பெருநாள் விருந்தினருக்கு வைக்கிறார்கள். சாச்சி தகர டப்பாவில் கொண்டுவந்த பொன்னிறப் பலகாரம் அதுவேதான். வெளியிலிருந்து வந்த செதிலைத் தம் வழக்கத்துக்குள் கொண்டுவந்து பெருநாள் தட்டில் அமர்த்திவிட்டார்கள். நாம் தொதலை அமர்த்தியதும் அவ்வாறே அல்லவா?

கிண்ணத்துக்குள் ஒரு கணக்கு

மகன் உண்ணும் அளவை ஒருநாள் நான் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பெட்டியில் ஒருவேளை அளவு 30 கிராம் என்று அச்சிட்டிருந்தது. அவன் கிண்ணத்தில் இருந்தது 40 கிராம். சாக்லேட் பூசிய வகைகளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருப்பது வழக்கம். அப்படியானால் அவன் கிண்ணத்தில் 12 கிராம்; அதாவது மூன்று தேக்கரண்டி. அதன்மேல் பாலுக்கு நான் சேர்த்த சீனி ஒரு தேக்கரண்டி.

அமெரிக்க இதய சங்கம் 2016இல் வெளியிட்ட அறிவுரைப்படி, 2 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள் முழுவதற்கும் சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அறவே கூடாது. உலக சுகாதார நிறுவனமும் 2015இல், உணவிலிருந்து பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவே இத்தகைய சர்க்கரை இருக்கட்டும், 5 விழுக்காட்டுக்குள் அடங்கினால் இன்னும் நன்று என்று கூறியது. என் மகன் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே நாளின் பங்கில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது!

இதை அற்பமாக எண்ணிவிட இயலாது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு உடையவர்கள் என்றும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாயிலில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. எங்கள் வீட்டிலேயே வாப்பாவும் நன்னியும் மாத்திரை விழுங்குகிறார்கள். பிள்ளையின் நாக்கு எந்த இனிப்புக்குப் பழகுகிறதோ, அதையே அது பின்னாளிலும் தேடும்.

நியாயமாகவும் பேச வேண்டும். இனிப்புப் பூசாத சாதாரணக் கார்ன் ஃப்ளேக்ஸில் சர்க்கரை குறைவு. பலவற்றில் இரும்புச் சத்தும் வைட்டமின்களும் சேர்க்கப்படுகின்றன. வெறும் வயிற்றோடு பேருந்து ஏறுவதைவிட அது மேல். ஆயினும் அதில் நார்ச்சத்து குறைவு, விரைவில் செரித்துவிடும். ஸஹர் நேரத்தில் அதை மட்டும் உண்டு நோன்பு வைப்பவருக்கு முற்பகலிலேயே பசி எடுப்பது அதனால்தான். நம் பழைய காலையுணவெல்லாம் குற்றமற்றது என்றும் சொல்வதற்கில்லை. மைதாப் பரோட்டாவும் மூன்று கரண்டிச் சீனியிட்ட தேநீரும் எந்தப் பெட்டிக்கும் குறைந்தவை அல்ல.

பெட்டியின் பின்புறம்

நன்னி வில்லையிடம் கேட்ட கேள்விகளைப் பெட்டியிடமும் கேட்கலாம். விடை பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

முதலாவது, சேர்மானப் பட்டியல். எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது கடைசியிலுமாக வரிசைப்படுத்துவது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டம் என்றே கொள்ளுங்கள். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன் ஆகியவையும் அதன் உறவினர்களே.

இரண்டாவது, ஜெலட்டின். பன்றியின் தோலிலிருந்தும் மாட்டின் தோல், எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் பொருள் அது. அயல்நாட்டுப் பெட்டிகளில் தானியத்தோடு கலந்துவரும் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற துண்டுகளிலும், பலவகை ஜெல்லி மிட்டாய்களிலும் அது உண்டு. வளைகுடாவிலிருந்தோ மேலைநாட்டிலிருந்தோ உறவினர் அன்போடு கொண்டுவரும் பொட்டலத்தையும் படித்துவிட்டே பிள்ளைகளிடம் கொடுங்கள். அகார் சேர்ந்திருந்தால் இ 406 என்ற எண் இருக்கும். இ 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். இ 471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். ஐயமானவற்றை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவது நன்று.

மூன்றாவது, முத்திரை. இந்தியப் பொட்டலத்தில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் விலங்கு ஜெலட்டின் இல்லை என்று அறியலாம். ஆனால் மணச்சாறுகளில் மதுசாரம் உண்டா என்பதை அந்த வட்டம் சொல்லாது. மலேசியாவில் ஜாக்கிமும் சிங்கப்பூரில் மூயிஸும் வழங்கும் ஹலால் முத்திரை இவற்றையும் சேர்த்தே ஆராய்ந்து தரப்படுவது. ஆசிய இனிப்பு என்பதாலேயே எல்லாம் ஆகும் என்று எண்ணிவிடவும் கூடாது. சீனரின் மரபான மாவுப் பண்டங்கள் பலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்.

பாதுகாப்பு குறித்தும் ஓர் எச்சரிக்கை. சேனையின் இனத்தைச் சேர்ந்த கொன்ஜாக் கிழங்கிலிருந்து செய்து, சிறு குப்பிகளில் அடைத்து, வாயில் உறிஞ்சும்படி விற்ற ஜெல்லி, வாயில் கரையாமல் தொண்டையில் அடைத்துக் குழந்தைகள் இறந்தார்கள். 2001இல் அமெரிக்க அரசு அதைப் பற்றி எச்சரித்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜெல்லி மிட்டாயில் கொன்ஜாக்கைத் தடைசெய்தது. எந்த ஜெல்லியையும் பிசுபிசுப்பான அரிசி உருண்டையையும் சிறு பிள்ளைக்கு நறுக்கியே கொடுங்கள். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்காதீர்கள்.

இடம் மாற்றி வைப்போம்

செதிலுக்கு மூத்தவர் நம் அவல். நெல்லை ஊறவைத்து வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்கும் அந்தக் கைத்தொழிலும், மக்காச்சோளத்தை வேகவைத்து நசுக்கி வறுக்கும் ஆலைத்தொழிலும் அடிப்படையில் ஒன்றே. கெட்டி அவலைப் பாலில் ஊறவைத்து, வாழைப்பழம் நறுக்கிப் போட்டு, வேர்க்கடலையோ பாதாமோ சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் கிண்ணம் ஆயத்தம். நம் சூடான பாலுக்கும் அது அஞ்சாது! சிவப்பரிசி அவலானால் இன்னும் நன்று. ஓட்ஸ், கேழ்வரகுக் கஞ்சி, அவித்த முட்டையோடு இட்லி, சுண்டல் என்று மாற்றி மாற்றி வைக்கலாம். வாற்கோதுமையைப் பாலில் கஞ்சியாய்க் காய்ச்சித் தேன் சேர்க்கும் தல்பீனா, துயருற்றவருக்கும் நோயாளிக்கும் ஏற்றதென நபிமொழிகளில் இடம்பெற்ற உணவு. சாதாரணக் கார்ன் ஃப்ளேக்ஸ் வேண்டுமானால் வாரத்தில் ஓரிரு நாள் பழத்தோடும் கொட்டை வகையோடும் இருக்கட்டும்.

பிள்ளை மறுத்தால் மனம் தளராதீர்கள். புதிய சுவையைக் குழந்தை ஏற்க, 8 முதல் 15 முறை வரை சிறிது சிறிதாய்க் கண்ணில் காட்டி நாவில் வைக்க வேண்டியிருக்கும் என்பது உணவியலார் கண்ட உண்மை. இரண்டாம் நாளே தோற்றுப்போய்ப் பெட்டியை எடுப்பது நாம்தான்.

இனிப்பை வெறுக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. விருந்தன்று மனமார உண்ண, சாச்சி கற்றுக்கொடுத்த இரண்டடுக்குக் கடற்பாசியைச் செய்து பாருங்கள்.

தேவையானவை: கடற்பாசி 10 கிராம், தண்ணீர் 2 கோப்பை, கெட்டித் தேங்காய்ப்பால் 1 கோப்பை, கருப்பட்டி 75 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, ரம்பை இலை 2, இலை கிடைக்காவிடில் ஏலக்காய்.

செய்முறை: கடற்பாசியைத் துண்டுகளாக்கி அரை மணி நேரம் ஊறவையுங்கள். அளந்த தண்ணீரில் ரம்பை இலையோடு இட்டு, முற்றிலும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். இலையை நீக்கிவிட்டு, தீயைத் தணித்து, தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து, ஒரு கொதி வருமுன் இறக்கித் தட்டில் ஊற்றுங்கள். ஆறும்போது தேங்காய்ப்பால் மேலெழுந்து வெளிர்நிற அடுக்காகவும், கருப்பட்டி அடியில் தங்கி மாந்தளிர் நிற அடுக்காகவும் பிரியும். கடற்பாசி குளிர்பெட்டி இல்லாமலேயே உறையும். உறைந்தபின் மீண்டும் உருக 85 பாகை வெப்பம் வேண்டும் என்பதால் நம் கோடையிலும் கலங்காது. ஜெலட்டினோ உடற்சூட்டிலேயே உருகிவிடும்.

சாச்சி பினாங்குக்குத் திரும்பிப் பல மாதங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டுப் பெட்டி இன்னும் இருக்கிறது. மேல் அலமாரியில், தொதல் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு சிறு கிண்ணம், அவ்வளவே. முதல் எட்டு நாள் மகன் அவலைத் தொடவில்லை. ஒன்பதாம் நாள் அதிலிருந்த வாழைப்பழத்தை மட்டும் பொறுக்கித் தின்றான். இப்போது கிண்ணத்தைக் காலி செய்கிறான். ஆனாலும் அலமாரியை அண்ணாந்து பார்க்காமல் எழுவதில்லை.

சென்ற வாரம் கடையிலிருந்து புதிய பிஸ்கட் பொட்டலம் ஒன்று வந்தது. நன்னி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவனை அருகில் அழைத்து, "இதன் பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லு வாப்பா" என்றார்கள். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான்.